பாகப்பிரிவினையும் பைத்தானும்



தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலைக் கடந்த பத்து மாதங்களாக நாம் படித்து வருகிறோம். முத்தாபுதுப்பேட்டையில் மக்தப் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் மார்க்கச் சட்டங்களும் ஓதிக்கொடுக்கும் ஒருவருக்கு, நாற்பதைக் கடந்த வயதில், இந்த நூல் எதற்கு என்று ஜமாஅத்தில் பெரியவர்கள் சிலர் கேட்டனர். "ஹஜ்ரத் வேலை மாறப் போறீங்களா?" என்று சிரித்தவர்களும் உண்டு. வேலை மாறும் எண்ணம் ஏதுமில்லை. நம்மை அந்நூலிடம் கொண்டு சேர்த்தது ஃபராயிள் என்னும் வாரிசுரிமைக் கணக்கு.

அந்தக் கணக்கு வாசகர்களில் பலருக்கு அறிமுகமானதே. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய மூன்று வசனங்களில் அல்லாஹு தஆலா வாரிசுதாரர்களின் பங்குகளை வகுத்துள்ளான். குறிக்கப்பட்ட பங்குகள் ஆறே பின்னங்கள்: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆயினும் இறந்தவருக்குப் பிள்ளை உண்டா, பெற்றோர் உயிருடன் உள்ளனரா, உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து ஒருவருடைய பங்கு கூடும், குறையும், முற்றிலும் இல்லாமலும் போகும். கணவர் இறந்தால், அவருக்குப் பிள்ளை இல்லாதபோது மனைவிக்கு நான்கில் ஒன்று. பிள்ளை இருப்பின் எட்டில் ஒன்று. மகன் இருக்கையில் சகோதரருக்கு ஒன்றுமில்லை. இப்படி ஒவ்வொரு பங்கின் முன்னும் ஒரு நிபந்தனை நிற்கிறது.

மாதத்திற்கு ஒரு குடும்பமாவது துண்டுச் சீட்டுடன் நம்மிடம் வரும். ஃபத்வா வழங்கும் நிலையில் நாம் இல்லை; நாம் பெற்றிருப்பது இஸ்லாமியக் கல்வியில் ஒரு பட்டயம் மட்டுமே. கணக்கைப் போட்டு எழுதி, முஃப்தி அவர்களிடம் காட்டி உறுதி பெற்றுக்கொள்ளுமாறு அனுப்பிவைப்போம். கணக்குப் போடுவதற்குக் கையில் இருப்பது ஸிராஜுத்தீன் ஸஜாவந்தி அவர்கள் எழுதிய ‘ஸிராஜிய்யா’. ஹனஃபி மத்ஹபில் பாகப்பிரிவினை பயில்வோர் இன்றளவும் ஓதும் சிறு நூல் அது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் 1792-இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். நம் மக்களின் சொத்து வழக்குகளைத் தீர்க்க அந்நாளைய வெள்ளைக்கார நீதிமன்றத்துக்கும் அந்தக் கிதாப் தேவைப்பட்டது.

இனி, கணினி நூல் நம் கைக்கு வந்த வகை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணினி வேலை இப்போது தொலைதூரக் கனவு அன்று. முன்பெல்லாம் இப்பகுதியில் நல்ல வேலை என்றால் விமானப்படை நிலையம், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவற்றையே சுட்டிக்காட்டுவர். 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின் பிள்ளைகளின் பேச்சு மாறிவிட்டது. மக்தபில் ஓதி முடித்துப் பிளஸ் டூ படிக்கும் பெண்பிள்ளைகள் மூவர், பைத்தான் பாடத்தில் ஐயம் தீர்த்துக்கொள்ள ஒருவரை ஒருவர் வினவுவதை நாம் கேட்டிருக்கிறோம். "ஒன்றாக இருந்தால் இது, இல்லையென்றால் அது, அதுவும் இல்லையென்றால் மற்றது" என்று அவர்கள் பேசிக்கொண்டது நம் செவிக்கு ஸிராஜிய்யாவின் பாடம் போலவே ஒலித்தது. தங்கையின் மகள் படித்து முடித்த பாடநூல் அவர்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அவளுடைய அண்ணனுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியும் ஓரமாகக் கிடந்தது. இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். பைத்தான் மென்பொருளுக்கு விலை இல்லை. பதிவிறக்கி நிறுவினால் போதும்.

பைத்தான் என்ற பெயரைக் கேட்டுப் பாம்பை நினைக்க வேண்டா. நெதர்லாந்து நாட்டினரான கைடோ வான் ராசம் 1991-இல் இம்மொழியை வெளியிட்டபோது, தாம் ரசித்த பிரித்தானிய நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் பெயரை இதற்குச் சூட்டினார். இதைச் சொன்னபோது மக்தப் சிறுவர்களுக்குச் சற்று ஏமாற்றமே.

பாடநூலில் பதினாறு பாடங்கள். தமிழ்வழி மாணவர்க்கென முழுதும் தமிழிலேயே எழுதப்பட்டது. இது சிறிய செய்தி அன்று. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கும் நம் போன்றோர்க்கு ஒரு கணினி மொழியின் அடிப்படையை மாறி, செயற்குறி, செயற்கூறு, மடக்கு என்று தாய்மொழியில் சொல்லித்தரும் நூல் சில ரூபாயில் கிடைக்கிறது. காசின்றிப் பதிவிறக்கவும் முடிகிறது. ஆனால் நூலின் அமைப்பைப் பற்றி நமக்கு ஒரு குறை உண்டு. பைத்தான் ஐந்தாம் பாடத்தில்தான் தொடங்குகிறது. முதல் நான்கு பாடங்கள் செயற்கூறு, தரவு அருவமாக்கம், வரையெல்லை, நெறிமுறை எனக் கோட்பாடுகளையே பேசுகின்றன. ஒரு வரிகூட எழுதிப் பாராத தொடக்க மாணவருக்கு அவை காற்றில் எழுதிய எழுத்து. "மாமா, நேரா அஞ்சாவது பாடத்துக்குப் போயிடுங்க" என்றாள் தங்கை மகள். கிதாபை முதல் பக்கத்திலிருந்து ஓதிப் பழகிய நமக்கு அது மனம் ஒப்பவில்லை, வரிசையாகவே படித்தோம். எனினும் நம்மைப் போல் தனியாகப் படிக்கத் தொடங்குவோருக்கு அவளுடைய யோசனையையே பரிந்துரைப்போம். ஐந்து முதல் ஒன்பது வரை முடித்துவிட்டு முதல் நான்கிற்குத் திரும்பினால் அவை தெளிவாகும்.

வரிசையாகப் படித்ததில் ஒரு பலன் கிடைத்தது. கணக்கைத் தீர்க்கும் படிமுறையைக் குறிக்கும் ‘அல்காரிதம்’ என்ற சொல் நம்மவர் ஒருவரின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை நான்காம் பாடம் எடுத்துரைக்கிறது. முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி, கலீஃபா மஃமூனின் ஆட்சியில் பக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர். அவருடைய பெயரை இலத்தீன் மொழியினர் எழுதிய விதத்தில் உருவானதே அச்சொல். அவர் எழுதிய ‘அல்ஜப்ர்’ நூலின் பெயரே ஐரோப்பிய மொழிகளில் ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. இவ்வளவும் பலர் அறிந்ததே. மேடைகளில் பெருமையாகவும் பேசப்படுகிறது. பேசப்படாத செய்தி வேறொன்று உண்டு. அந்த அல்ஜப்ர் நூலின் மிக நீண்ட பகுதி வஸிய்யத்தும் வாரிசுரிமையும் பற்றிய கணக்குகளே. ஒரு பெண் இறந்து கணவரையும் பிள்ளைகளையும் விட்டுச் சென்றாள், அவள் இன்னாருக்கு இவ்வளவு தருமாறு வஸிய்யத் செய்திருந்தாள், ஒவ்வொருவர் பங்கும் யாது என்ற வகையில் கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. மக்கள் தம் வாரிசுரிமையிலும் பங்கீட்டிலும் வழக்கிலும் வாணிகத்திலும் நிலம் அளப்பதிலும் பயன்படுத்துவதற்கே இந்தக் கலை என்று முன்னுரையில் அவர் தெளிவுபடுத்துகிறார். ஆக, ஃபராயிளைக் கணினிக்குக் கற்பிக்க முயல்வது புதுமை ஏதுமில்லை. அந்தக் கலை புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிச் செல்வதே.

நாம் படித்த முறையையும் சொல்லிவிடுவோம். ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம். நூலில் உள்ள எடுத்துக்காட்டை முதலில் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதுவது. கணினியில் இட்டால் என்ன விடை வரும் என்பதைப் பென்சிலால் பக்கத்தில் குறிப்பது. அதன் பிறகே தட்டச்சு செய்து இயக்கிப் பார்ப்பது. ஒரு நாளைக்கு ஓர் எடுத்துக்காட்டுக்கு மேல் போவதில்லை. கணினி நூல்கள் பெரும்பாலும் "வணக்கம், உலகமே" என்று திரையில் அச்சிடுவதிலிருந்தே பாடத்தைத் தொடங்கும். 1978-இல் வெளிவந்த சி மொழி நூலால் பரவிய வழக்கம் அது. நாம் அந்த இடத்தில் பிஸ்மில்லாஹ் என்று எழுதி அச்சிட்டுத் தொடங்கினோம்.

அரபு இலக்கணம் ஓதியவர்களுக்கு இக்கல்வியில் சில இடங்கள் பழகிய தெருவைப் போல் இருக்கும். ஸர்ஃப் பாடத்தில் ‘ஃபஅல’ என்ற வாய்பாட்டை வைத்துக்கொண்டு, மூன்று மூல எழுத்துகளை அதில் இட்டால் வினைச்சொல் வடிவம் பெற்று வெளிவருகிறதல்லவா? செயற்கூறு என்பதும் அதுவே. வாய்பாட்டை ஒரு முறை எழுதி வைத்தால் போதும். எண்ணை உள்ளே கொடுத்தால் விடை வெளியே வரும். உள்தள்ளலும் அப்படித்தான். பைத்தானில் எந்த வரி எந்த நிபந்தனைக்குக் கீழ்ப்பட்டது என்பதை இடப்பக்கம் விட்ட இடைவெளியே தீர்மானிக்கிறது. மூலம் நடுவிலும் குறிப்புரை ஓரத்திலுமாக அச்சிட்ட பழைய கிதாபுகளை ஓதியவர், எழுத்து நிற்கும் இடத்துக்கும் பொருள் உண்டு என்பதை எளிதில் ஏற்றுக்கொள்வார்.

உஸ்தாத் இன்றி ஏட்டை மட்டும் நம்பி இல்மைத் தேடக் கூடாது என்று நம் முன்னோர் எச்சரித்துள்ளனர். அந்த எச்சரிக்கை இங்கும் செல்லுமா என்று நாம் பல நாள் எண்ணிப் பார்த்தோம். கணினி ஒரு வகையில் கண்டிப்பான உஸ்தாத். ஒரு முக்காற்புள்ளி விடுபட்டால் அந்த வரியிலேயே நின்றுவிடும், மேலே நகராது. ஆயினும் அதன் கண்டிப்பு இலக்கணத்தோடு முடிந்துவிடுகிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று என்பதற்குப் பதில் ஏழில் ஒன்று என்று எழுதிக் கொடுங்கள். முகம் சுளிக்காமல் அதையும் கணக்கிட்டுத் தரும். எழுதிய கட்டளை மொழிக்கு ஒத்ததா என்பது அதற்குத் தெரியும். ஷரீஅத்துக்கு ஒத்ததா என்பது தெரியாது. ஆகவே நாம் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். ஸிராஜிய்யாவிலும் உஸ்தாதிடம் ஓதிய நாளில் எழுதிய குறிப்பேட்டிலும் விடையுடன் உள்ள பழைய மஸ்அலாக்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்பது. அனைத்திலும் விடை ஒத்து வந்தாலன்றிப் புதுக் கணக்கு எதையும் கணினியிடம் கேட்பதில்லை.

முதல் இடர் பின்னத்திலேயே வந்தது. கணினி எண்களை இரண்டின் அடிப்படையில் சேமிப்பதால் தசமங்கள் பல அதனிடம் முழுமையாக நிற்பதில்லை. பைத்தானில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். மளிகைக் கடைக் கணக்குக்கு இது போதும். அல்லாஹ் மூன்றில் ஒன்று என்று வகுத்ததை 0.3333 என்று எழுதுவதற்கு நம் கை வரவில்லை. தங்கை மகள் மொழியின் ஆவணங்களில் தேடி ‘ஃபிராக்‌ஷன்ஸ்’ என்ற தொகுதியைக் காட்டினாள். அதை வரவழைத்துக்கொண்டால் மூன்றில் ஒன்று மூன்றில் ஒன்றாகவே கடைசி வரை நிற்கும். ஆறில் ஒன்றோடு கூட்டினால் இரண்டில் ஒன்று என்று துல்லியமாக வரும். நம் கிதாபுகளின் கணக்கு முறையும் இதுவே. அவை எதுவும் தசமத்தில் பேசுவதில்லை.

அந்தத் தொகுதியை வைத்து முதலில் இட்டுப் பார்த்தது ‘மிம்பரிய்யா’ என்று பெயர் பெற்ற மஸ்அலா. ஒருவர் மனைவி, இரு புதல்வியர், தந்தை, தாய் ஆகியோரை விட்டு இறந்தார். மனைவிக்கு 1/8, புதல்வியர் இருவருக்கும் சேர்த்து 2/3, தந்தைக்கு 1/6, தாய்க்கு 1/6. இருபத்துநான்கு பங்காக வைத்தால் 3, 16, 4, 4; கூட்டினால் 27. இருப்பதோ 24. பங்குகள் சொத்தை மிஞ்சிவிடுகின்றன. இத்தகைய இடத்தில் எவரையும் நீக்காமல், எல்லோருடைய பங்கையும் ஒரே விகிதத்தில் குறைக்கும் முறைக்கு ‘அவ்ல்’ என்று பெயர்; மொத்தத்தையே 27 ஆக வைத்துவிடுவர். அலி ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் மிம்பரில் உரையாற்றிக்கொண்டிருக்கையில் இந்தக் கேள்வி எழுந்ததாகவும், அந்த மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று அவர்கள் அங்கேயே விடை பகர்ந்ததாகவும் அறிவிக்கப்படுகிறது. மஸ்அலாவின் பெயர்க் காரணம் அதுவே.

நான்கு பின்னங்களையும் கணினி கூட்டியது. நாம் 27/24 வரும் என்று பென்சிலால் குறித்திருந்தோம். திரையில் 9/8 என்று வந்தது. பின்னத்தைச் சுருக்கித் தருவது அந்தத் தொகுதியின் இயல்பு, மூன்றால் வகுத்துவிட்டது. பிறகு மனைவியின் 1/8 ஐ அந்த 9/8 ஆல் வகுக்கச் சொன்னோம். 1/9 என்று வந்தது. இருபத்துநான்கும் இருபத்தேழும் இடையில் தோன்றாமலே, மிம்பரில் சொல்லப்பட்ட அதே விடை. அன்று காலை அந்த இரண்டு எண்களையும் நாம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் வந்து கேட்கும் குடும்பத்தினருக்கு அந்த 24 உம் 27 உம் கட்டாயம் வேண்டும். தம் பங்கு எங்கே குறைந்தது என்பது அவர்களுக்குக் கண்ணால் தெரிய வேண்டும். ஆகவே மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடித்து, கிதாபில் உள்ளபடியே பங்குகளை முழு எண்களாக விரித்துக் காட்டும் பகுதியைத் தனியே எழுதினோம். அதற்கு இரண்டு வாரங்கள் ஆயின.

நிபந்தனைகளின் வரிசை இதைவிடக் கடினம். ‘இஃப்’, ‘எலிஃப்’, ‘எல்ஸ்’ என்று பைத்தானில் மூன்று சொற்கள். மேலிருந்து கீழாகச் செல்லும்போது முதலில் பொருந்தும் நிபந்தனையிலேயே கணினி நின்றுவிடும். கீழே உள்ளவற்றைப் பார்க்காது. எதை முதலில் கேட்பது என்பதில் ஒருவருடைய உரிமையே தங்கியிருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. இறந்தவருக்குத் தந்தை, தாய், இரு சகோதரர்கள். தந்தை இருப்பதால் சகோதரர்களுக்குப் பங்கில்லை. எனவே அவர்களைப் பட்டியலிலிருந்து முதலிலேயே நீக்கிவிடலாம் என்று தோன்றும். நீக்கிவிட்டால் தாய்க்கு 1/3 என்று வரும். சட்டமோ வேறு. உடன்பிறந்தோர் இருவர் இருந்தால், தமக்கு ஒன்றும் கிடைக்காவிடினும், அவர்கள் இருப்பே தாயின் பங்கை 1/6 ஆகக் குறைத்துவிடும் என்பது பெரும்பான்மை இமாம்களின் முடிவு. ஆகவே தாயின் பங்கைக் கணித்த பிறகே சகோதரர்களை நீக்க வேண்டும். ஓதிய காலத்தில் இதை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறோம். கட்டளைகளாக வரிசைப்படுத்தும்போதுதான் இந்த ஒரு சட்டம் எத்தனை நுட்பமான இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பது புலப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். ஆங்கிலத்தில் ‘இஃப்’ முன்னால் வருகிறது, நிபந்தனை பின்னால். நம் மொழியில் "பிள்ளை இருந்தால்" என்று நிபந்தனை முன்னால் வர, ‘ஆல்’ கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ்க் கணினி மொழி இதைக் கருத்தில் கொண்டது. அதில் நிபந்தனையை முதலில் எழுதிப் பின்னர் ‘ஆனால்’ என்று எழுத வேண்டும், மாற்று வழிக்கு ‘இல்லை’, முடிப்பதற்கு ‘முடி’, அச்சிடுவதற்கு ‘பதிப்பி’. மக்தபின் சிறுவர்களுக்கு முதலில் எழிலைக் காட்டினோம். ‘பதிப்பி’ என்று எழுதியதும் தம் பெயர் திரையில் வந்ததில் அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. தமிழில் கணினி கற்பதற்கென உழைக்கும் கணியம் இதழின் நூல்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களைப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினோம். பெற்றோர்கள் கோடை விடுமுறைப் பயிற்சி என்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன், இவற்றில் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து ஒரு மாதம் பார்க்கலாம் என்பது நம் கருத்து.

ஷஃபான் மாதத்தில் அண்ணன் தம்பி இருவர் வந்தனர். தந்தை வஃபாத்தாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டையும் மனையையும் சேர்த்து, கடன்கள் போக, 42 இலட்ச ரூபாய் என்று சீட்டில் எழுதியிருந்தனர். அதன் கீழே மூன்று பெயர்கள்: தாய், மூத்த மகன், இளைய மகன்.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க ஹஜ்ரத், உடனே வந்துடும்னு சொன்னாங்க" என்றார் மூத்தவர்.

நாம் எழுதிய நிரல் பங்குகளிடம் உடனே போவதில்லை. கிதாபின் வரிசைப்படியே முதலில் கஃபன், அடக்கச் செலவு, பிறகு கடன், கடனுக்குள் மனைவிக்குக் கொடுபடாத மஹர் உண்டா என்று தனிக் கேள்வி, பிறகு மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத். அதன் பின்னரே வாரிசுகள். மஹரைக் கேட்டபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தனர். தாயிடம் தொலைபேசியில் கேட்டு, அது அப்போதே கொடுக்கப்பட்டுவிட்டது என்று உறுதி செய்தனர். அடுத்து "இறந்தவரின் தாய் உயிருடன் உள்ளாரா?" என்ற கேள்வி. தாதி ஊரில் சின்னம்மா வீட்டில் இருக்கிறார் என்றார் இளையவர். அடுத்தது "புதல்வியர் எத்தனை பேர்?"

"மூணு பேரு. ஆனா அவங்களுக்குக் கல்யாணத்துலேயே நகை, சீர் எல்லாம் அத்தா செஞ்சுட்டாங்க. அவங்க கேக்க மாட்டாங்க ஹஜ்ரத். சைபர்னு போடுங்க."

சைபர் என்று தட்டினால் கணினி ஏற்றுக்கொண்டிருக்கும். நொடியில் விடையும் வந்திருக்கும். மகன் ஒவ்வொருவருக்கும் பதினான்கு இலட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு என்று பைசா பிசகாமல் காட்டியிருக்கும். தவறு என்று ஓர் எழுத்துகூடத் திரையில் வந்திராது. கணக்கு சரி, தீர்ப்பு அநீதி. மடிக்கணினியை மூடிவிட்டு, வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்ற வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டோம். மூத்தவர் சற்றுத் தயங்கிக் கைப்பையிலிருந்து எடுத்தார். அதில் தாதியின் பெயரும் சகோதரிகள் மூவரின் பெயரும் இருந்தன. சீட்டில் இல்லாத நால்வர்.

தந்தை உயிருடன் இருந்தபோது மகளுக்குச் செய்தது அன்பளிப்பு. அது பாகம் ஆகாது. பங்கு வேண்டாம் என்று ஒரு சகோதரி கூறுவதானால், தனக்கு எவ்வளவு வரும் என்பதை முதலில் அவள் அறிந்திருக்க வேண்டும். பங்கு அவள் உரிமை என்று நிலைபெற்ற பின், எவருடைய வற்புறுத்தலும் இன்றித் தானே முன்வந்து விட்டுத்தர வேண்டும். தொகையே தெரியாத ஒருத்தியிடம் வாங்கிய மௌனத்தை எப்படி விட்டுக்கொடுத்தல் என்று சொல்வது? இவ்வளவையும் அவர்களிடம் சொன்னோம். மூத்தவர் முகம் சிவந்தது. இளையவர், "எல்லாத்தையும் போட்டே பாருங்க ஹஜ்ரத், தெரிஞ்சுக்குவோம்" என்றார்.

போட்டோம். மொத்தம் 168 பங்குகள். மனைவிக்கு 21, தாதிக்கு 28, மகன்களுக்குத் தலா 34, மகள்களுக்குத் தலா 17. ஒரு பங்கு 25,000 ரூபாய். மனைவிக்கு 5,25,000, தாதிக்கு 7,00,000, மகன் ஒவ்வொருவருக்கும் 8,50,000, மகள் ஒவ்வொருவருக்கும் 4,25,000. அதே கணக்கைத் தாளிலும் போட்டு, இரண்டும் ஒத்திருப்பதைக் காட்டி, முஃப்தி அவர்களிடம் கொடுத்துப் பார்க்குமாறு எழுதித் தந்தோம். தாதிக்கு ஏழு இலட்சம் என்ற வரியில் இளையவர் விரலை வைத்தபடி நெடுநேரம் இருந்தார். அந்த அம்மையாரின் மாத்திரைச் செலவுக்கு மாதந்தோறும் யார் பணம் அனுப்புவது என்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோயிருந்ததைப் பிறகு அவரே சொன்னார்.

நான்கு நாள் கழித்து அவர்களுடைய நடுச் சகோதரி தம் கணவருடன் வந்து, அந்தத் தாளின் நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டார். கொடுத்தோம். வாங்கிப் படித்துவிட்டு, "பதினேழுன்னா பதினேழு ரூபாயா ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டபோது, கீழே உள்ள வரியைக் காட்டினோம். அந்தக் குடும்பத்தில் பேச்சு இன்னும் முடியவில்லை. மூத்தவர் ஜும்ஆவில் நம்மைக் கண்டால் ஸலாம் சொல்கிறார். முன்பு போல் நின்று பேசுவதில்லை.

அதன் பிறகு நிரலில் ஒரு மாற்றம் செய்தோம். புதல்வியர் எத்தனை என்ற கேள்விக்குச் சைபர் என்று விடை வந்தால், அது அடுத்த கேள்விக்குப் போகாது. "வாரிசுச் சான்றிதழைப் பார்த்தீர்களா?" என்று கேட்டு, ஆம் என்று எழுதும் வரை அங்கேயே நிற்கும். மடக்குப் பாடத்தில் கற்ற இரண்டு வரிகள்தாம். இறந்தவரின் தாய், மனைவி, சகோதரிகள் பற்றிய கேள்விகளுக்கும் அவ்வாறே. பொய்யாக ஆம் என்று எழுதுபவரைத் தடுக்க எந்த மொழியிலும் கட்டளை இல்லை.

இப்போது பதின்மூன்றாம் பாடத்தில் இருக்கிறோம். விடைகளைக் கோப்பாகச் சேமிக்கும் பாடம் அது. பிளஸ் டூ பெண்பிள்ளைகள் மூவரும் நிரலைச் சரிபார்க்க உதவுகின்றனர். எல்லாக் குடும்பக் கணக்கையும் சேமித்து வைக்கலாம் என்றாள் ஒருத்தி. எண்களை மட்டும் சேமிப்போம், பெயரும் தொகையும் வேண்டா என்று சொல்லிவிட்டோம்; பிறர் வீட்டுச் சொத்து விவரம் நம் மடிக்கணினியில் தங்குவது அமானிதத்துக்கு ஒவ்வாது.

பாட்டனாரும் உடன்பிறந்தோரும் சேர்ந்து வரும் மஸ்அலா இன்னும் எழுதப்படவில்லை. இமாம் அபூஹனீஃபா அவர்களிடம் பாட்டனார் தந்தையின் இடத்தில் நின்று உடன்பிறந்தோரை முற்றிலும் நீக்கிவிடுவார். இமாம் ஷாஃபிஈ அவர்களிடமும், அபூஹனீஃபா அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் ஆகிய இருவரிடமும் அவர்கள் அவரோடு பங்கு பெறுவர். நம் ஜமாஅத்திலோ கடற்கரை ஊர்களிலிருந்து வந்து குடியேறிய ஷாஃபிஈ குடும்பங்களும் உள்ளன. ஆகவே "எந்த மத்ஹப்?" என்ற கேள்வியை நிரலின் தொடக்கத்திலேயே வைப்பதா, பாட்டனார் வரும் இடத்தில் மட்டும் வைப்பதா என்று நோட்டில் இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறோம். வியாழக்கிழமை முஃப்தி அவர்களைக் கண்டு கேட்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.